காசை யாரை நம்பி அனுப்புவது? போருக்குப் பிந்திய வன்னியின் ஊர்ச் சங்கங்கள் பற்றி

கேட்கப்பட்டது இதுதான்: "போர் முடிந்த இடங்களில் உள்ளூர் அமைப்புகள்தான் சமாதானத்தையும் மீள்கட்டுமானத்தையும் தாங்கிப் பிடிக்கின்றன என்று எல்லா அறிக்கையிலும் எழுதுகிறார்கள். இது உண்மையா, அல்லது என்ஜிஓக்காரர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் நற்சான்றிதழா? நாங்கள் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வன்னிக்குக் காசு அனுப்ப நினைக்கிறோம். யாரை நம்பி அனுப்புவது?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. 2010 தொடக்கம் சில வருடங்கள் வன்னியில், அதாவது இலங்கையின் வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம், ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்தேன். பிக்கப் வாகனத்தில் போய் இறங்கி, கையில் படிவத்தோடு பெயர் எழுதிய ஆள். ஆகவே கீழே நான் திட்டுவதில் பாதி என்னையும் சேர்த்துத்தான்.

அறிக்கைகள் சொல்வது உண்மைதான். ஆனால் அவற்றில் "உள்ளூர் சிவில் சமூகம்" என்று எழுதப்படுகிறவர்களும் ஊரில் அந்த வேலையைச் செய்கிறவர்களும் பல நேரம் வேறு வேறு ஆட்கள். உங்கள் காசு போய்ச் சேருமா சேராதா என்பது அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

2008 செப்டெம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியிலிருந்து வெளியேறும்படி ஐநாவுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அரசாங்கம் உத்தரவு போட்டது. கிளிநொச்சியில் ஐநா அலுவலக வாசலில் சனம் கூடி நின்று, போகாதீர்கள் என்று கெஞ்சியது. 16ஆம் தேதி அவர்கள் வாகனத் தொடரணியில் போய்விட்டார்கள். ஐநா தன் கடமையில் தவறியது என்று ஐநாவின் சொந்த உள்ளக விசாரணையே 2012இல் எழுதியது, அது வேறு கதை. நான் சொல்ல வருவது, அதன் பிறகு யார் மிஞ்சினார்கள் என்பது. கச்சேரி (மாவட்டச் செயலகம்) அதிகாரிகள், கிராம சேவையாளர்கள், சில வைத்தியர்கள், பாதிரிமார், கன்னியாஸ்திரிகள், கூட்டுறவுச் சங்க முகாமையாளர்கள், வெளியேற அனுமதி கிடைக்காத உள்ளூர் ஊழியர்கள். உணவு லொறி வந்தால் இறக்கியது அவர்கள், பங்கிட்டது அவர்கள், எந்தக் கொட்டிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்ததும் அவர்கள்தான். இவர்களில் யாரும் தங்களைச் சிவில் சமூகம் என்று சொல்லிக்கொண்டதில்லை. பெரும்பாலானோர் அந்தச் சொல்லையே முகாமுக்கு வந்த பிறகுதான் கேட்டிருப்பார்கள்.

போர் முடிந்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வவுனியா முகாம்களில், முக்கியமாகச் செட்டிக்குளம் மெனிக் பாமில் அடைபட்டு, பிறகு கட்டம் கட்டமாக ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். தகரம், தறப்பாள், 25,000 ரூபாய் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு உலர் உணவு. இவ்வளவோடு பற்றைக்காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அந்த ஊர்களில் எது முதலில் உயிர்த்தது என்று கேட்டால் பலர் பள்ளிக்கூடம், கோயில் என்று சொல்வார்கள். நான் பார்த்த மட்டில் மரண உதவிச் சங்கம்தான் முதலில். செத்த வீடு காத்திருக்காது. பந்தல், கதிரை, பெட்டி, வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி, எல்லாவற்றுக்கும் உடனே காசு வேண்டும், யாரிடமும் இல்லை. வீட்டுக்கு நூறு ரூபாய் என்று சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஒரு சிஆர் கொப்பி.

சிஆர் கொப்பி தெரியாதவர்களுக்கு: கடும் மட்டை போட்ட, கோடிட்ட, தடித்த பெரிய கொப்பி. இலங்கையில் எந்தச் சங்கத்துக்குப் போனாலும் ஒன்று இருக்கும். வரவு ஒரு பக்கம், செலவு மறுபக்கம், கூட்ட அறிக்கை பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். மழையில் நனைந்து ஊதியிருக்கும். இந்தக் கொப்பியை ஞாபகம் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

நான் மறக்க முடியாத ஒரு கூட்டம் உண்டு. வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகள் தெரிவு, ஒரு வேப்ப மரத்தடியில். எங்கள் நிறுவனம் ஒரு புள்ளி முறை வைத்திருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர், பெண் தலைமைத்துவமா, மாற்றுத்திறனாளி உண்டா, ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கொழும்பில் இருந்து பார்த்தால் மிகவும் நியாயமான முறை. பட்டியலை வாசித்து முடித்ததும் மாதர் சங்கத் தலைவி எழும்பினார். "தம்பி, உந்தக் கடைசி வளவு அம்மான்ர பேர் இல்லையே?" அந்த அம்மா தனி ஆள், அதனால் புள்ளி வரவில்லை என்றேன். "அவ தனி ஆள் இல்லை. மகன் இருக்கிறான், எங்கை எண்டுதான் தெரியேல்லை. அவன் செத்திட்டான் எண்டு கையெழுத்துப் போட அவ ஒருநாளும் சம்மதிக்க மாட்டா. உங்கட பேப்பரிலை அவவுக்கு இடமில்லை, ஆனா அவவுக்கு வீடு இல்லாமல் ஆருக்கு வீடு?" கூட்டம் அமைதியாக இருந்தது. பட்டியலில் கடைசியாக வந்த குடும்பம் ஒன்று, தாங்கள் அடுத்த கட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று தாமாகவே சொன்னது.

நான் அலுவலகத்துக்கு வந்து அதை எழுதினால் "அளவுகோலிலிருந்து விலகல்" என்று பதில் வந்தது. மூன்று மாதம் மின்னஞ்சலில் இழுபட்டு, ஒருவழியாக ஒப்புதல் கிடைத்தது. அந்தத் தலைவிக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்த விஷயம் எங்களுக்கு விளங்க மூன்று மாதம் பிடித்தது. உள்ளூர் அறிவு என்று பவர்பாயிண்டில் போடுவார்களே, அது கண்ணுக்கு முன்னால் நடந்தால் இப்படித்தான் இருக்கும்.

சரி, பெரிய படத்துக்கு வருவோம். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொண்டால், அதில் வடக்கு கிழக்கில் வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது, வீட்டைக் கட்டுவது அவர் பொறுப்பு. ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியதால் மணலும் மேசன் கூலியும் ஏறின, கூரை மட்டத்தில் காசு முடிந்து சனம் நகையை அடகு வைத்தது. மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ உயிரோடு இருந்த ஊர்களில் மணலைச் சேர்த்து ஏற்றினார்கள், ஒருவர் வீட்டு அத்திவாரத்துக்கு மற்றவர் கை கொடுத்தார். சங்கம் பெயரளவில் மட்டும் இருந்த ஊர்களில் நுண்கடன், அதாவது சின்னச் சின்னத் தொகையாகக் கடன், கொடுக்கும் கம்பனிக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். குழுவாக ஐந்து பெண்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேர் கட்ட வேண்டும். ஊருக்குள் இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் அந்தக் கம்பனிகள் ஈடாகப் பிடித்துக்கொண்டன என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். 2018இல் அரசாங்கம் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது, வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு போட்டது. 35 சதவீதத்துக்கு இறக்கினார்கள் என்றால் அதற்கு முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு பக்கம், உதவ வந்தவர்களே சங்கங்களைக் கெடுத்த கதையும் உண்டு. ஒரு ஊரில் ஏற்கெனவே கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்கரை என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எல்லாம் இருக்கும். நாங்கள் போய் "திட்டக் குழு" என்று புதிதாக ஒன்று அமைப்போம். அடுத்த நிறுவனம் வந்து வேறொரு பெயரில் இன்னொன்று. கடைசியில் அதே எட்டுப் பேர், எட்டுத் தொப்பி. கூட்டத்துக்கு வந்தால் பயணப்படி, மதியச் சாப்பாட்டுப் பொதி. கூட்டத்துக்குப் போவதே ஒரு தொழிலாகிவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வேறு வருமானம் இல்லாத காலம். திட்டம் முடிந்து நாங்கள் போன பிறகு அந்தக் குழு இருக்காது, ஆனால் அதற்காகச் சண்டை பிடித்த இரண்டு குடும்பங்கள் இருக்கும்.

அரசாங்கத்தின் பங்கையும் விட முடியாது. 2009 மேயில் அமைக்கப்பட்ட வடக்குக்கான ஜனாதிபதி செயலணியின் (மீள்குடியேற்றத்தையும் அபிவிருத்தியையும் மேற்பார்த்த குழு) அனுமதி இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு கிணறுகூட இறைக்க முடியவில்லை. வீடு, கிணறு, கழிப்பறை என்றால் சரி. உளவளத் துணை, பெண்களுக்கான குழு வேலை, தலைமைத்துவப் பயிற்சி என்று எழுதினால் அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. 2010இல், தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் என்ஜிஓ செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோகப்பட்டது. 2014 ஜூலையில் அதே அமைச்சு, தொண்டு நிறுவனங்கள் பத்திரிகையாளர் மாநாடு நடத்துவதும் பயிற்சிப் பட்டறை வைப்பதும் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. வன்னியில் பல முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களம். அதாவது மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பதும் பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியலில். இப்படி ஒரு சூழலில் பத்துப் பெண்கள் ஒன்றாக இருந்து அழுவதற்கு ஒரு தையல் வகுப்பு தேவைப்பட்டது. நான் மிகைப்படுத்தவில்லை, தையல் இயந்திரம் என்று எழுதினால் அனுமதி வரும், அந்த வகுப்பில் என்ன கதைத்தார்கள் என்பது யாருடைய படிவத்திலும் இல்லை.

சிஆர் கொப்பிக்குத் திரும்புகிறேன். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் ஒரே ஒரு எண்ணை வைத்தார்: 146,679. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். 2009 ஜூலை வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் பேருக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். சாதாரணக் கழித்தல் கணக்கு. ஆனால் அந்த முதல் எண் எங்கிருந்து வந்தது? நிவாரணம் கொடுப்பதற்காக ஊர் ஊராகப் பெயர் எழுதிய அந்தச் சின்ன அலுவலர்களின் கொப்பியிலிருந்து வந்தது. எண்ணுவது சமாதான வேலை என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தில் இருக்காது, ஆனால் அவர்கள் எண்ணியிருக்காவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

2016இல் மக்களிடம் கேட்டதும் ஒன்றும் நடக்காமல்தான் முடிந்தது. நல்லிணக்கப் பொறிமுறைகள் (உண்மை, நீதி, இழப்பீட்டுக்கான ஏற்பாடுகள்) பற்றி மக்களிடம் கேட்க அரசாங்கமே 11 சிவில் சமூக ஆட்களைக் கொண்ட ஒரு செயலணியை அமைத்தது. அவர்கள் நாடு முழுவதும் போய் 7,306 பேரின், குழுக்களின் கருத்துகளை வாங்கி, 2017 ஜனவரி 3ஆம் தேதி அறிக்கை கொடுத்தார்கள். அது அலுமாரிக்குப் போனது. அதே வருடம் பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள், வருடக்கணக்காக எழும்பவில்லை. முறைப்படி கேட்டார்கள், முறைப்படி பதில் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை, வீதிக்கு வந்தார்கள். அவர்களைப் பார்த்து "பேச்சுக்கு வராதவர்கள்" என்று கொழும்பில் குறைப்படுகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

நல்லிணக்கம் என்ற பெயரில் நடந்த பஸ் பயணங்களைப் பற்றி ஒரு சின்னப் புலம்பல். கிளிநொச்சிப் பிள்ளைகளைத் தெற்குக்கு ஏற்றிக்கொண்டு போய், ஒரே நிறத்தில் டீசேர்ட் போட்டு, பாட்டுப் பாட வைத்து, கேக் வெட்டி, படம் எடுத்துத் திருப்பிக் கொண்டுவருவது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு சமூகம் சேர்வது வேறு மாதிரி நடக்கிறது. 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது, அவர்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் முல்லைத்தீவுப் பெண்கள் எனக்குச் சொன்ன வாக்கியம். அதே கம்பனி, அதே ஐந்து பேர் குழு, அதே இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்கும் வசூல்காரன். கென்யாவின் வடகிழக்கில் வஜீர் என்ற ஊரில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சோமாலிக் குலங்களுக்குள் சண்டை நடந்தபோதும் முதலில் கூடியவர்கள் சந்தையில் வியாபாரம் செய்த பெண்கள்தான். எந்தக் குலத்துப் பெண்ணும் வந்து விற்கலாம், வாங்கலாம் என்பதுதான் அவர்கள் முதலில் காப்பாற்றிய விஷயம். அந்த ஊர்ப் பெண்ணான டேகா இப்ராஹிம் அப்டி போன்றவர்கள் பெரியவர்களையும் இளைஞர்களையும் அதிகாரிகளையும் சேர்த்து அதை 1995இல் ஒரு முறையான சமாதானக் குழுவாக ஆக்கினார்கள். சந்தை முதலில், குழு பிறகு. நாங்கள் பெரும்பாலும் குழுவை முதலில் அமைத்துவிட்டுச் சந்தையைத் தேடினோம்.

உள்ளூர் என்றாலே நல்லவர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஊர்ச் சங்கத்தில் யார் கதிரையில் இருக்கிறார், யார் மண்ணில் இருக்கிறார் என்று பார்த்தாலே சாதி தெரிந்த இடங்கள் உண்டு. கமக்காரர் அமைப்பு என்றால் காணி உள்ளவர்களின் அமைப்பு, கூலிக்கு நாற்று நடுகிறவருக்கு அங்கே குரல் இல்லை. 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குக் காணி ஆவணம் இல்லை, ஆவணம் இல்லாததால் வீட்டுப் பட்டியலில் பெயர் இல்லை, அவர்களுக்காக எழும்பி நின்று கதைத்த சங்கங்கள் நான் பார்த்த மட்டில் குறைவு. 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள், இருபது வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது, "வாங்கோ" என்று சொன்ன தமிழ் அயலவர்களும் இருந்தார்கள், கிணற்றையும் காணியையும் காட்டி முறைத்தவர்களும் இருந்தார்கள். தமிழ் அமைப்புகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் மௌனமாகவே இருந்தன. எங்களுக்கு நடந்ததை உலகத்துக்குச் சொல்லும் வேகத்தில் பாதி வேகம்கூட இதில் இருக்கவில்லை.

ஆனால் முழங்காவில் பக்கம் இரணைமாதா நகர் ஆட்களைப் பாருங்கள். 1992இல் இரணைதீவை விட்டு இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்தும் கடற்படை தீவில் தங்க விடவில்லை. 2017 மே முதலாம் தேதி கரையில் போராட்டம் தொடங்கினார்கள். வருபவர் வந்து படம் எடுத்தார், வாக்குறுதி கொடுத்தார், போனார். ஒரு வருடம் ஆகப்போகிறது. 2018 ஏப்ரல் 23ஆம் தேதி முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்கள் சுமார் நாற்பது படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, பாதிரிமாரும் கூட வர, தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். இடிந்து கிடந்த மாதா கோயிலில் செபித்தார்கள், திரும்பி வரமாட்டோம் என்று அங்கேயே தங்கினார்கள். அடுத்த மாதமே அரசாங்கம் சம்மதிக்க வேண்டி வந்தது. கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், கோயில் இவை மூன்றும் ஒரே சனமாக இருந்தபடியால்தான் அது முடிந்தது. படகு சொந்தப் படகு, மண்ணெண்ணெய் சொந்தக் காசு. ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் இதை எழுதியிருந்தால், இடர் மதிப்பீட்டுப் பகுதியிலேயே அடித்துவிட்டிருப்பார்கள்.

உலக அளவிலும் இந்தப் பிரச்சினை தெரிந்ததுதான். 2016இல் இஸ்தான்புல் மனிதாபிமான உச்சிமாநாட்டில் பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் சேர்ந்து, 2020க்குள் உதவிப் பணத்தில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தளவு நேரடியாகக் கொடுப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 2020 வந்து போனது, மொத்தத்தில் பார்த்தால் அந்த எண்ணுக்குக் கிட்டவும் போகவில்லை. காரணம் கேட்டால் "உள்ளூர் அமைப்புகளுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது" என்பார்கள். தெரியும். ஆங்கிலத்தில், அவர்களுடைய எக்செல் தாளில், காலாண்டுக்கு ஒருமுறை வைக்கத்தான் தெரியாது.

சரி, உங்கள் காசு. ஒரு சங்கத்தைத் தெரிவு செய்யும்போது இணையதளம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கடைசி வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், நிர்வாகம் மாறியதா என்று கேளுங்கள். பத்து வருடமாக ஒரே தலைவர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். சிஆர் கொப்பியின் கடைசி நாலு பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் வெட்டுக்கொத்தும் திருத்தமும் இருந்தால் பயப்படாதீர்கள், ஒரே பேனையால் ஒரே நாளில் எழுதியது மாதிரி அழகாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஊரில் உங்களுக்குத் தெரிந்த, அந்தச் சங்கத்தோடு கோபமாக இருக்கும் ஒருவரிடமும் விசாரியுங்கள். அவர் "காசு அடிப்பார்கள்" என்று சொன்னால் ஒன்று, "எங்களைக் கேட்கிறதில்லை" என்று சொன்னால் வேறொன்று.

ஒரே தடவையில் பெரிய தொகை அனுப்பி ஒரு சின்னச் சங்கத்தைத் திணறடிக்காதீர்கள். மாதா மாதம் கொஞ்சம், மூன்று வருடத்துக்கு, என்று சொன்னால் அவர்களால் திட்டமிட முடியும். உதவி வாங்கும் ஆளைப் பொதியோடு நிற்க வைத்துப் படம் கேட்காதீர்கள், அந்தப் படத்தை உங்கள் முகநூலில் பார்ப்பவர்களில் அவருடைய மகள் வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதையும் அங்கிருந்தே முடிவு செய்ய விடுங்கள், நீங்கள் கோழிக் குஞ்சு என்று நினைத்திருப்பீர்கள், அங்கே தேவை கடன்காரனிடமிருந்து ஒரு பெண்ணை மீட்பதாக இருக்கலாம்.

அப்புறம், எல்லாரும் தவிர்க்கும் செலவு ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் பெரிய உதவி. பிரதேச செயலகத்துக்குப் போய்வர பஸ் காசு, ஒரு அறை வாடகை, கணக்கு எழுதும் பிள்ளைக்கு மாதம் ஒரு சின்னச் சம்பளம். "நிர்வாகச் செலவு" என்று சொல்லி இதை எந்தக் கொடையாளரும் தரமாட்டார், நாங்களும் தந்ததில்லை. நான் வேலை செய்த ஊரின் மாதர் சங்கத் தலைவி வீட்டுத் திட்டக் கூட்டங்களுக்காக எத்தனை தடவை கிளிநொச்சிக்கு பஸ் ஏறினார் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. நாற்பதுக்கு மேல். ஒரு தடவைகூட நாங்கள் காசு கொடுக்கவில்லை, ஏனென்றால் எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.